அழுத்திய பிறகுதான் சிவப்பு

ஜனவரி 9

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நானும் மாமாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மாமா யார் பேச்சையும் கேட்பதில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆபீஸ் மேசையிலேயே ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறாயா? போனில் கேட்கலாம் என்றால் என் காது இடம் கொடுக்காது. அதனால்தான் காகிதம்.

ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் என் மேசைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எல்லாரும் அதைச் சுற்றி நின்று தொடப் பயந்தார்கள். நான் இரண்டு விரலை வைத்து டைப் அடிக்க நாலே நாளில் பழகிவிட்டேன். அடுத்த ஷிப்டில் வரும் பெண் பட்டம் வாங்கியவள். அவளே என்னிடம்தான் வந்து, "ஆன்ட்டி, இது எங்க போச்சு, அது எங்க போச்சு" என்று கேட்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

வேலை இதுதான். ஆபரேஷன் தியேட்டருக்குக் கவுன், விரிப்பு எல்லாம் மூட்டையாகக் கட்டி, கிருமி சாக ஆவி மெஷினில் வேகவைத்து வரும். மூட்டையில் ஒரு நம்பர் இருக்கும். நான் அந்த நம்பரைத் திரையில் ஒரு பெட்டிக்குள் டைப் அடிக்க வேண்டும். ஆவியில் வேகாத மூட்டை தப்பித் தவறி என் அலமாரிக்கு வந்திருந்தால் நம்பர் சிவப்பாகத் தெரியுமாம். சிவப்பு என்றால் கொடுக்கக் கூடாது. கறுப்பு என்றால் "வழங்கு" என்ற பட்டனை அழுத்திவிட்டு மூட்டையைத் தூக்கிக் கொடுக்கலாம்.

எங்கள் மேற்பார்வையாளரை நினைவிருக்கிறதா, பேனாக்காரர்? சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், கையெழுத்துப் போட என் பேனாவை வாங்குவார். அவர் ஒரு வெடி போட்டார். ஜூன் முடிய இது சோதனைக் காலமாம். மூன்று மெமோ வாங்குகிறவர்களை மடிப்புக் கூடத்துக்கு அனுப்பிவிடுவாராம்.

உனக்கு மடிப்புக் கூடம் தெரியாது. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். அதைக்கூடத் தாங்குவேன். ஆனால் அங்கே எல்லாம் மணியும் கூப்பாடும்தான். மணி அடித்தால் நகர வேண்டும், "வண்டி வருது" என்று கத்தினால் ஒதுங்க வேண்டும். என் காதை வைத்துக்கொண்டு அங்கே நான் என்ன செய்வேன்? இந்த மேசையில் வருகிறவர்கள் என் முகத்துக்கு நேரே நின்று பேசுகிறார்கள். உதட்டைப் பார்த்தே பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். மேசை போனால் நானும் போன மாதிரிதான்.

போகாது. மெமோ வாங்குகிற ஆளா உன் அத்தை?

நீ அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய்? கேட்கிறவர்களிடம் "கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொல்லி அலுத்துவிட்டது. எழுது.

அத்தை

ஜனவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ரொட்டியும் மேசையில்தான், நீங்கள் சொன்னது சரி. மாமா பிரித்துப் போட்ட அந்த ரேடியோவைத் திரும்ப மாட்டிவிட்டாரா, இன்னும் தட்டில் கொட்டிதான் வைத்திருக்கிறாரா?

என் வேலையைக் கேட்டீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். திரையில் வரும் எழுத்து எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்று எழுதி வைப்பதுதான் என் வேலை. கிடங்குகளுக்கான சாஃப்ட்வேர் அது. ஆணி விற்பவரும் வாங்குகிறார், மாத்திரை விற்பவரும் வாங்குகிறார். வாங்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது, நம்பர்தான் தெரியும்.

திரையில் இரண்டு வகை எழுத்து உண்டு அத்தை. ஒன்று சும்மா காட்டுவதற்கு இருப்பது. இன்னொன்று பெட்டிக்குள் நாம் டைப் அடிப்பது. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. உறவு தேடிப் போனால் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவிடம் போய் நிற்கும். அளவு, நிறம், தடிமன் எல்லாம் சேர்த்து ஸ்டைல் என்று ஒரு குறிப்பு எழுதுவோம். காட்டும் எழுத்துக்கு எழுதிய குறிப்பைப் பெட்டிக்குப் போட்டால், "இது எனக்கு எழுதினதில்ல" என்று மொத்தத் திரையையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒரே குறிப்பைக் காட்டும் எழுத்துக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, பட்டனுக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என்று நான்கு முறை எழுதி வைத்திருக்கிறேன்.

மேலாளர் திங்கட்கிழமை வந்து, "எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தா நல்லாயிருக்கும்ல?" என்பார். நான்கு இடத்தில் மாற்றுவேன். வியாழக்கிழமை வந்து, "பழசே பரவால்ல" என்பார். மறுபடி நான்கு இடம். நான்கையும் ஒன்றாக்க ஒரு வழி இருக்கிறது, ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். "ஓடுற வண்டியை எதுக்கும்மா பிரிக்கிற?" என்று போய்விட்டார்.

தினமும் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 24

மருமகளுக்கு,

நீ நலமாக இரு. என் நலத்தைப் பற்றிக் கேட்காதே.

மெமோ வாங்கிவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி காலை, தியேட்டர் சிஸ்டர் வந்து நிற்கிறாள். மூட்டை நம்பர் 418. பெட்டிக்குள் அடித்தேன். கறுப்பு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், கறுப்பு. அழுத்தினேன், கொடுத்தேன். கால் மணி நேரத்தில் சிஸ்டர் மூட்டையோடு திரும்பி வருகிறாள், பின்னாலேயே பேனாக்காரர். மூட்டைக்குள் ஒரு காகிதப் பட்டை வைப்பார்கள், ஆவி பட்டால் கறுத்துவிடும். அது கறுக்கவே இல்லை. நல்ல வேளை, பிரித்ததும் சிஸ்டர் பார்த்துவிட்டாள்.

பேனாக்காரர் என் திரையைக் காட்டி, "சிவப்பாதானே இருக்கு? கண்ணு எங்க இருந்துச்சு?" என்றார். பார்த்தேன். கீழே பட்டியலில் 418 பளீரென்று சிவப்பாக இருக்கிறது!

நான் சொன்னேன்: "அழுத்துறதுக்கு முன்னாடி கறுப்பு சார். அழுத்தின பிறகுதான் சிவப்பு."

"ஓகோ. உங்களுக்கு மட்டும் அது வேஷம் போடுதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு காதில் விழாவிட்டாலும் பல் தெரியாதா எனக்கு?

அப்புறம் நானே அந்த 418-ஐ மறுபடி அடித்துப் பார்த்தேன். பெட்டிக்குள் இருக்கும் வரை கறுப்பாக இருக்கிறது. பட்டனை அழுத்திக் கீழே பட்டியலுக்குப் போனதும் சிவக்கிறது. வேலை முடிந்த பிறகு எச்சரிக்கை! தியேட்டர் மூட்டை காலையில் மட்டும்தான் போகும், அதனால் அடுத்த ஷிப்ட் பெண்ணுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பேனாக்காரர் சாஃப்ட்வேர் செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அப்படியே எழுதுகிறேன்: "திரை முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. சிவப்பு நிறம் சரியாகத் தெரிகிறது. தவறு பயன்படுத்துபவரின் கவனக்குறைவால் நேர்ந்ததாகும்."

கவனக்குறைவாம். என்னைப் பார்க்காமல், என் மேசையைப் பார்க்காமல், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எழுதிய அந்தக் கை நன்றாக இருக்கட்டும். அதற்குமேல் எழுதினால் என் வாய்தான் கெடும்.

நீயும் இதே மாதிரி வேலைதான் பார்க்கிறாய். ஒரு எழுத்து முதலில் கறுப்பாக இருந்து பிறகு சிவக்குமா? யாரிடமாவது கேட்டுச் சொல்.

அத்தை

மார்ச் 10

அன்புள்ள அத்தைக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒன்று செய்யுங்கள். இனிமேல் நம்பரை அடித்ததும் மூட்டையைக் கொடுக்காதீர்கள். முதலில் பட்டனை அழுத்துங்கள். பிறகு கீழே, சாம்பல் நிறக் கோட்டுக்கு அடியில் முதல் வரியைப் பாருங்கள். அங்கே கறுப்பாக இருந்தால் மட்டும் கொடுங்கள். சிவப்பாக இருந்தால் வலது பக்கம் "ரத்து" என்று இருக்கும், அதை அழுத்திவிடுங்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இங்கே வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் மருமகள்

மார்ச் 24

மருமகளுக்கு,

இங்கே உயிரோடு இருக்கிறோம். நீ?

நீ சொன்ன மாதிரியே செய்தேன். செய்த பலன், இரண்டாவது மெமோ.

பட்டனை அழுத்தினால் மூட்டையைக் கொடுத்தாகிவிட்டது என்று கணக்காம். ரத்து செய்தால் ஒவ்வொரு ரத்துக்கும் பேனாக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். ஆவி அறையில் புது ஆட்கள், மூட்டையை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஆறு ரத்து. ஆறு தடவை அவர் மேசைக்குப் போய், ஆறு தடவையும் என் பேனாவையே கொடுத்து நின்றேன். ஏழாவது நாள் மெமோ: "காரணமின்றி அடிக்கடி ரத்து செய்தல்." காரணமின்றியா? வேகாத ஆறு மூட்டையைத் தடுத்தேனே, அதற்கு ஒரு வார்த்தை உண்டா? ஒரு தப்புக்கு ஒரு மெமோ, அதே தப்பைத் தடுத்ததற்கு இன்னொரு மெமோ. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இன்னும் ஒன்று மிச்சம். அதையும் வாங்கினால் மடிப்புக் கூடம்.

ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. தலைமை நர்ஸம்மாவிடம் நேராகப் போய், "அம்மா, நீங்களே ஒரு நாள் வந்து என் பக்கத்துல நின்னு பாருங்க. நான் சொல்றது பொய்னா அன்னிக்கே என்னை அனுப்பிடுங்க" என்றேன். அந்த அம்மா நல்ல மாதிரி. ஏப்ரல் ஆறாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேனாக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். வேகாத மூட்டை ஒன்றை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். அவர்கள் கண்ணெதிரே கறுப்பு, அழுத்தினால் சிவப்பு. அதற்கப்புறம் யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. திரையில் சாம்பல் நிறக் கோடு இருக்கிறது என்று நான் உனக்கு எழுதவே இல்லை. ரத்து பட்டன் வலது பக்கம் இருக்கிறது என்றும் எழுதவில்லை. உனக்கு எப்படித் தெரியும்? எல்லாத் திரையிலும் அப்படித்தான் இருக்குமா?

இதற்குப் பதில் போடு.

அத்தை

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லத்தான் நினைத்தேன். நாலு காகிதம் கிழித்தேன். இப்போதைக்கு இது மட்டும்: அந்தத் திரையைச் செய்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

இனி கவலைப்படாதீர்கள். நல்ல செய்தி. சனிக்கிழமை உங்கள் கம்ப்யூட்டருக்குப் புது அப்டேட் வரும். பெட்டிக்குள் அடிக்கும்போதே சிவக்கும். உங்கள் சோதனை திங்கட்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று மூன்று நாள் தலை நிமிராமல் வேலை பார்த்தேன். தலைமை நர்ஸ் வந்து நிற்கும்போது திரை உங்களைக் கைவிடாது.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 7

மருமகளே,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

என்ன நடந்தது என்று உடனே எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு வந்தார்கள். தலைமை நர்ஸம்மா, பேனாக்காரர், தியேட்டர் சிஸ்டர், வேடிக்கை பார்க்க ஆவி அறையிலிருந்து நாலு பேர். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். "இப்ப பாருங்கம்மா, கறுப்பா வரும்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். நம்பரை அடித்தேன்.

சிவப்பு.

அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். சிவப்பு. வேறு நம்பர் அடித்தேன். வெந்த மூட்டை, அது ஒழுங்காகக் கறுப்பாக வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை கறுப்பு என்று சத்தியம் செய்தேன். அம்மா என் கையைத் தொட்டு, "வயசாகுதுல்ல, விடுங்க" என்றார். பேனாக்காரர் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்றாவது மெமோ மத்தியானமே வந்தது. "மேலதிகாரிகளைத் தவறாக வழிநடத்துதல்." பதிமூன்றாம் தேதியிலிருந்து மடிப்புக் கூடம்.

நீ குறையைச் சரி செய்துவிட்டாய். எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் குறைதான். அதை அழித்துவிட்டு நல்ல செய்தி என்று எழுதுகிறாய்! வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் அவசர அவசரமாகக் கூட்டிப் பெருக்கி வைக்கிற மாதிரி, நான் காட்ட வைத்திருந்ததைக் கூட்டித் தள்ளிவிட்டாய்.

"செய்தவர்களைத் தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். மூன்று நாள் தலை நிமிராமல் வேலை பார்த்தது நீ என்றால், செய்ததும் நீதானே? அப்படியானால் அந்தப் பதிலில் "கவனக்குறைவு" என்று எழுதியது யார்? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

அத்தை

மே 3

அன்பு மருமகளுக்கு மாமா எழுதிக்கொண்டது.

நான் சுகம். எழுதுவது உன் அத்தைக்குத் தெரியாது. அவள் தபால்காரரைப் பார்த்தால் வாசலுக்கு வருகிறாள், வேறு எதற்கும் வருவதில்லை.

போன புதன்கிழமை மடிப்புக் கூடத்தில் பின்னால் வந்த துணி வண்டி இடித்துவிட்டது. கத்தினார்களாம், இவளுக்குக் கேட்கவில்லை. கணுக்கால் வீங்கியிருக்கிறது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. "நானேதான் இடிச்சுக்கிட்டேன்" என்கிறாள். மூன்று நாள் விடுப்பு எடுக்கச் சொன்னேன். "கால் வீங்கினா கவனக்குறைவுன்னு நாலாவது மெமோ தருவாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் பேச்சே இல்லை. ரேடியோவை மாட்டி முடித்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

உனக்கும் அவளுக்கும் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒரு வரி போடு.

மாமா

மே 9

அத்தைக்கு,

உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அதை எழுதியது நான்தான்.

பிப்ரவரியில் ஆறாம் நம்பர் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்தது. கிடங்கு ஊழியர் ஒருவர் சிவப்பு தெரியவில்லை என்கிறார், அவ்வளவுதான் அதில் இருந்தது. மேலாளர், "பாத்துட்டு சாயங்காலத்துக்குள்ள பதில் போடு" என்றார். நான் கீழே இருக்கும் பட்டியலை மட்டும் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. பெட்டியை நான் பார்க்கவே இல்லை. "கவனக்குறைவு" என்ற சொல் மேலாளர் சொன்னது இல்லை, நானே போட்டதுதான். அப்படி எழுதினால் இன்னொரு கடிதம் வராது. பிறகு உங்கள் கடிதம் வந்தது. என் வரியையே உங்கள் கையெழுத்தில் படித்தேன்.

அந்தத் தப்பு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஸ்டைலை நான்கு முறை எழுதி வைத்திருந்தேன் என்று சொன்னேனே. டிசம்பரில், கொடுக்கக் கூடாத சரக்கு சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். காட்டும் எழுத்தில் போட்டேன், தலைப்பில் போட்டேன், பட்டனில் போட்டேன். பெட்டியில் போடவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன், திரும்பி வந்து முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நம்பர் பெட்டிக்குள் இருக்கும்போது அது ஒரு வகை எழுத்து, பட்டியலுக்குப் போனதும் இன்னொரு வகை. நீங்கள் பார்த்தது அந்த இடைவெளியைத்தான். எங்கள் ஆபீஸில் பதினோரு பேர் பார்த்தும் அது கண்ணில் படவில்லை.

சாம்பல் கோட்டைப் பற்றி நீங்கள் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தேன். உங்கள் மேசையைவிட என் மேசை பெரிதாகத் தெரிந்தது. ஏப்ரலில் நான் உண்மையாகவே உதவுவதாகத்தான் நினைத்தேன். யாராவது வந்து பார்க்கப்போகிறார்கள் என்றால் அதற்குள் குறையைச் சரி செய்துவிடு என்றுதான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். குறையைக் காட்டுவதற்காகவே ஒருவர் ஆளைக் கூப்பிடுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. கோழைத்தனம்.

மாமாவின் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை மேலாளரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பிப்ரவரியில் நான் அனுப்பிய பதில் தவறானது. டிசம்பர் முதல் ஏப்ரல் 4 வரை, டைப் செய்யும் பெட்டியில் சிவப்பு நிறம் தோன்றவில்லை. ஊழியர் கூறியது முழுவதும் உண்மை. தவறு என்னுடையது. பழைய பதிப்பை இத்துடன் அனுப்பியுள்ளேன். அதில் எந்த எண்ணையும் தாங்களே டைப் செய்து பார்க்கலாம்." கீழே முழுப் பெயர் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மேலாளர், "யாரு கேட்டா இதை? சரி பண்ணியாச்சுல்ல?" என்றார். "யாரும் கேக்கல சார், அதனாலதான்" என்றேன். என்னை அந்தத் திரையிலிருந்து எடுத்துவிட்டார். அதற்கு முன்பே, போன வாரம் ஒரு வேலையை முடித்திருந்தேன். நான்கு குறிப்பையும் அழித்துவிட்டு, அளவையும் நிறத்தையும் ஒரே இடத்தில் எழுதிப் பெயர் வைத்தேன். எந்த வகை எழுத்தாக இருந்தாலும் இனி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் மாறி இன்னொன்றில் மாறாமல் போக வழியில்லை. அதற்கு ஒரு வாரம் ஆகும் என்று ஜனவரியில் சொன்னேன். ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. காலை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள்

ஜூன் 2

மருமகளுக்கு,

கால் வீக்கம் வற்றிவிட்டது. மாமா மறுபடியும் ரேடியோவைப் பிரித்துவிட்டார். உன் தாடை வலி எப்படி?

உன் கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நாள் பேனாக்காரர் மேசையில் கிடந்திருக்கிறது. நான் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் மடிப்புக் கூடத்திலிருந்து போய் அவர் கதவருகே நிற்பேன். "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்பார். பதினோராம் நாள் நேரே தலைமை நர்ஸம்மா அறைக்குள் நுழைந்து நகலை மேசைமேல் வைத்தேன். அம்மா நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

மறுநாள் பழைய பதிப்பை ஒரு கம்ப்யூட்டரில் போட்டார்கள். நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "நான் தொட்டா நான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்வாங்க. சாரே அடிக்கட்டும்." பேனாக்காரர் உட்கார்ந்தார். வேகாத மூட்டை நம்பரை அடித்தார். கறுப்பு. அழுத்தினார். சிவப்பு. மறுபடி அடித்தார். கறுப்பு. அழுத்தினார். சிவப்பு. நாலு தடவை செய்தார். நாலாவது தடவை திரைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார். தியேட்டர் சிஸ்டர் கையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"சரிம்மா, கம்ப்யூட்டர் கோளாறு, மெமோவை மறந்துடலாம்" என்றார். "மறக்க வேண்டாம் சார், எழுதிக் குடுங்க" என்றேன். "என்னன்னு எழுத?" "மூணு மெமோவும் தப்பு, நான் சொன்னது நிஜம்னு எழுதுங்க." பையில் மூன்று பேனா இருந்தும் என் பக்கம் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தன் பேனாவிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நேற்றிலிருந்து என் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு எழுந்து போகும்போது உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "நானும் முப்பது வருஷமா பாக்கறேன், தப்பு என்னோடதுன்னு எவனும் கையெழுத்துப் போட்டு அனுப்பினதில்ல. யாருங்க இந்தப் பொண்ணு? உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லலாமா வேண்டாமா என்று நின்றேன். "கவனக்குறைவு" என்று எழுதியதும் அதே கைதான். என் காலில் வண்டி இடித்தபோது பேசாமல் இருந்ததும் அதே வாய்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறிவிட்டது என்று பொய் எழுதமாட்டேன்.

"எங்க அண்ணன் பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல, ஆவி அறையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள்.

விடுப்பு எடுத்துக்கொண்டு வா. நாலு நாள் தங்குகிற மாதிரி வா. வந்த அன்று உன்னோடு பேசமாட்டேன், சாப்பாடு மட்டும் போடுவேன். மறுநாள் காலையிலிருந்து பேசுகிறேன்.

அத்தை